பழுதின் பாரம் யாருக்கு? சேலம்–நாமக்கல் சமவெளியில் அன்றாடத் தொழில்நுட்பத் தொல்லைகள்

கைப்பேசி, கணினி, கைரேகைக் கருவி, அரசின் இணையதளம் என எதுவாயினும், வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யாமல் நிற்கும்போது மனிதர் படும் எரிச்சலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, மேசையின் முன் அமர்ந்திருக்கும் அலுவலக ஊழியரை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொள்வது, கடவுச்சொல் மறந்துபோவது, காணொலிக் கூட்டத்தின் நடுவே குரல் அறுந்துபோவது ஆகியவை அவ்வெழுத்துகளில் திரும்பத் திரும்ப வருபவை. இவையும் தொல்லைகளே என்றாலும் இவற்றால் அந்த ஊழியருக்கு அன்றைய கூலி போவதில்லை. அதே வகைப் பழுது ஒரு லாரி ஓட்டுநருக்கோ ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கோ நேரும்போது, எரிச்சலோடு நில்லாமல் பணமாகவும் நாளாகவும் கணக்கில் ஏறுகிறது. ஆகவே இத்தொல்லைகளைக் கருவிவாரியாகப் பிரிப்பதைவிட, பழுதின் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பொருத்தம் என்னும் நிலைப்பாட்டிலிருந்து இக்கட்டுரை இந்தச் சிக்கலை அணுகுகிறது.

இதற்குச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப்பகுதி நல்ல களம். 1997 ஜனவரி 1 முதல் இரு மாவட்டங்களாகப் பிரிந்து இயங்கினாலும் தொழில்முறையில் இவ்வட்டாரம் ஒன்றோடொன்று பின்னியே கிடக்கிறது. நாமக்கல்லின் லாரிகளும் எரிவாயு டேங்கர்களும் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும், கோழிப்பண்ணைகளின் முட்டையும், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக் குச்சிக்கிழங்கிலிருந்து ஆலைகளில் உருவாகும் ஜவ்வரிசியும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளும், இளம்பிள்ளைச் சேலைகளும், சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசும் எல்லாம் வெளியூருக்குச் சென்றால்தான் காசு. கணினித்துறையோடு நேரடித் தொடர்பில்லாத இத்தொழில்கள், கடந்த பத்தாண்டுகளுக்குள் ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஒரு கணினியின் சம்மதத்தைக் கேட்டே நகர வேண்டியவையாக மாறியுள்ளன.

சிக்கலுக்கு இதுவரை சொல்லப்பட்டுள்ள விளக்கங்களைச் சுருக்கமாகக் காண்பது அவசியம். முதல் விளக்கம் பயனாளரின் அறியாமையைக் காரணமாகக் காட்டுவது. அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் இன்றும் அதிகம் கேட்கப்படுவது இதுவே. இரண்டாவது விளக்கம் இதற்கு மறுப்பு: அமெரிக்க உளவியலாளர் டொனால்டு நார்மன் 1988இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளை இயக்கத் தெரியாமல் பலரும் ஒரே இடத்தில் தடுமாறினால் குற்றம் பொருளை வடிவமைத்தவரிடம்தான் இருக்க முடியும் என்று வாதிட்டார். 1993இல் பயன்பாட்டெளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், ஒரு கருவி மறுமொழி தரப் பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் மனிதரின் கவனம் அதைவிட்டு அகன்றுவிடும் என்ற வரம்பை முன்வைத்தார். இவ்வட்டார இ-சேவை மையங்களில் வட்டம் சுற்றும் திரையைப் பார்த்து நிற்பவர்களிடம் பத்து விநாடி என்றால் சிரிப்பார்கள்.

மூன்றாவது விளக்கம் வேறு திசையிலிருந்து வருகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையின் எளிய பகுதிகளை எந்திரத்திடம் கொடுத்துவிட்டால் கடினமான பகுதிகளும் எதிர்பாராத கோளாறுகளும் மட்டுமே மனிதருக்கு மிஞ்சுகின்றன என்றும், அன்றாடப் பழக்கம் விட்டுப்போன அந்த மனிதரால் அவற்றைச் சமாளிக்க முடிவதில்லை என்றும் காட்டினார். சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் 1981இல் ‘நிழல் உழைப்பு’ என்று பெயரிட்டது, தொழிற்சமூகத்தில் பொருளையும் சேவையையும் பயன்படுத்த நுகர்வோர் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலையை. அமெரிக்க அறிஞர்கள் பமேலா ஹெர்டும் டொனால்டு மொய்னிஹனும் 2018இல் எழுதிய நூல் இத்தகைய சுமையை அரசுச் சேவைகளில் ஆராய்ந்து, ஒரு சலுகையைப் பெற விதிகளைக் கற்றுக்கொள்ளும் செலவு, அவற்றுக்கு உடன்பட்டு நடக்கும் செலவு, அதனால் வரும் மன உளைச்சல் என மூன்று சுமைகளைப் பிரித்துக் காட்டியது. இவ்விளக்கங்களுள் இவ்வட்டாரத்து நடப்புக்கு மிக நெருங்கி வருவது இறுதியில் சொன்னதே. எனினும் அதிலும் ஒரு குறை உண்டு. சுமை எவ்வளவு என்பதை அந்நூல் நுட்பமாக அளக்கிறதே தவிர, அச்சுமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் சங்கிலியை அவ்வளவாகத் தொடரவில்லை. லாரித் தொழில் அந்தச் சங்கிலியைக் கண்ணெதிரே காட்டும்.

சாலையில்

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, காகிதக் கட்டுகளைக் காட்டி, கையூட்டும் கொடுத்துக் கடந்த காலம் அத்தோடு முடிந்தது என்பதை எந்த ஓட்டுநரும் மறுக்கமாட்டார். அதன் இடத்தில் வந்தது இ-வே பில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை எடுத்துச் செல்லுமுன் இணையதளத்தில் பதிந்து பெற வேண்டிய மின்னணு வழிச்சீட்டு இது. தமிழ்நாட்டிற்குள்ளேயே செல்லும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் தொடங்கிய முதல் நாளிலேயே தளம் பாரம் தாங்காமல் முடங்கியதால் திட்டம் ஒத்திவைக்கப்பட்டு, ஏப்ரல் 1இல் மாநிலம் கடக்கும் சரக்குக்கும் ஜூன் 2இல் தமிழ்நாட்டின் உட்பகுதிச் சரக்குக்கும் கட்டாயமாயிற்று.

இச்சீட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ‘அ’ பகுதியில் சரக்கின் விவரமும், ‘ஆ’ பகுதியில் அதை ஏற்றிச் செல்லும் வண்டியின் எண்ணும் இடம்பெறும். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கு வேறு வண்டிக்கு மாறினால் ‘ஆ’ பகுதியைத் திருத்த வேண்டும். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலக்கெடு கணக்கிடப்படுகிறது. அதாவது ஆயிரம் கிலோமீட்டர் செல்ல ஐந்து நாள். கெடு முடியும் நேரத்திற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்திற்குள் மட்டுமே அதை நீட்டிக்கலாம். டயர் வெடித்தோ மழையில் பாலம் மூடப்பட்டோ நிற்கும் வண்டியின் ஓட்டுநருக்கு இந்த நீட்டிப்பைச் செய்யும் வழி நேரடியாகக் கிடையாது. அவர் உரிமையாளரையோ புக்கிங் ஆபீசையோ அழைக்க வேண்டும். அவர்கள் கணக்கரை எழுப்ப வேண்டும். கணக்கர் தளத்திற்குள் நுழைய வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமானதால், கடவுச்சொல்லை அடித்த பிறகு பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணையும், அதாவது எல்லோரும் ஓ.டி.பி. என்று சொல்வதையும், அடித்தாக வேண்டும். ஒரே கணக்கைக் கடை முதலாளி, குமாஸ்தா, வெளியிலுள்ள கணக்கர் என மூவர் பயன்படுத்துவது இங்கே வழக்கம் என்பதால், முதலாளி கல்யாண வீட்டில் இருக்கும்போது ஓ.டி.பி. அவர் சட்டைப்பையில் வந்து விழுந்து காலாவதியாகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் துணைக் கணக்கு உருவாக்கிக்கொள்ளும் வசதி தளத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லித்தருவார் இல்லை.

பிழைக்கு விலை பெரிது. உரிய சீட்டு இல்லாத சரக்கு பிடிபட்டால், 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதியின்படி, உரிமையாளர் முன்வந்து விடுவிக்கும்போது வரியைப்போல் இருமடங்கு அபராதம். இத்தகைய அபராதத்தின் கடுமை எழுத்துப்பிழைக்கும் பாயக்கூடாது என்பதற்காக 2018 செப்டம்பர் 14 அன்றே மத்திய மறைமுக வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து மாறுதல், அஞ்சல் குறியீட்டில் தவறு போன்றவற்றுக்காக வண்டியைப் பிடித்து வைக்கக்கூடாது. மத்திய வரிக்கு ஐந்நூறும் மாநில வரிக்கு ஐந்நூறுமாக ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தால் போதும். நியாயமான அறிக்கை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு மொழி தெரியாத மாநிலத்தில் வண்டியை நிறுத்தும் அதிகாரியிடம் சுற்றறிக்கையின் நாளையும் எண்ணையும் சொல்லி வாதிட வேண்டியவர் ஓட்டுநர். சீட்டைப் பதிந்தவர் அவரல்லர். பிழை செய்தவரும் அவரல்லர். நிற்பவர் மட்டும் அவர்.

சுங்கச்சாவடியிலும் இதே அமைப்புதான். ஓமலூர், ராசம்பாளையம், வைகுந்தம், மேட்டுப்பட்டி, நத்தக்கரை என இவ்வட்டாரத்தின் நாற்புறமும் சாவடிகள் உண்டு. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் எல்லா வண்டிகளுக்கும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கண்ணாடியில் ஒட்டப்படும் இந்த வில்லையை மேலிருக்கும் கருவி வானலையால் படித்து, வங்கியில் உள்ள முன்பணத்திலிருந்து கட்டணத்தை எடுத்துக்கொள்கிறது. சுங்க வசூலில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் இப்போது இவ்வழியே நடக்கிறது; வரிசை குறைந்திருப்பது கண்கூடு, ஓட்டுநர் கைப்பணம் கொண்டுபோகும் ஆபத்தும் குறைந்தது. தொல்லை எஞ்சிய சிறு பங்கில் இருக்கிறது. வில்லையில் கீறல் விழுந்திருக்கலாம். கணக்கில் பணம் இருந்தும் வாடிக்கையாளர் விவரம் புதுப்பிக்கப்படவில்லை என்று வங்கி அதைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருக்கலாம். அல்லது சாவடியின் கருவியே படிக்காமல் போகலாம். தடுப்புக்கம்பு தூக்காமல் நிற்கும்போது இம்மூன்றில் எது காரணம் என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. பின்னால் நிற்கும் பத்து வண்டிகளும் ஹாரன் அடிக்க, ஊழியர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி வரச்சொல்கிறார். கையடக்கக் கருவியைக் கண்ணாடியில் காட்டுகிறார். பிறகு இருமடங்கு கட்டணம் கேட்கிறார். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ. வழியாகச் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு போதும் என்று தளர்த்தப்பட்டிருப்பது நல்ல திருத்தம்.

கோளாறு சாவடியுடையது என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை எழுதப்பட்டே இருக்கிறது. போதிய பணமும் வேலை செய்யும் வில்லையும் உள்ள வண்டியைச் சாவடியின் கருவி படிக்கத் தவறினால், கட்டணம் இல்லாமல் அவ்வண்டியை அனுப்பி, சுழிய ரூபாய் ரசீது தர வேண்டும் என்று 2018 மே மாத அரசிதழ் அறிவிக்கை கூறுகிறது. அந்த ரசீதைக் கேட்டுப் பெற, கோளாறு சாவடியுடையதுதான் என்று ஓட்டுநர் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிப்பதற்கான கணினியோ சாவடிக்காரரின் கையில் இருக்கிறது.

இணையவழி அபராதம் பற்றிய குறையைச் சேலம், நாமக்கல் லாரி உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனத்தின் கோரிக்கைகளில் இதற்கு எப்போதும் இடம் உண்டு. வண்டியை நிறுத்தாமலே எண்பலகையைப் படம் எடுத்து விதிக்கப்படும் இந்த அபராதம், தகுதிச் சான்றோ பெர்மிட்டோ புதுப்பிக்கச் செல்லும் நாளில்தான் பல சமயம் உரிமையாளருக்குத் தெரியவருகிறது. குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. பதிவேட்டில் பழைய கைப்பேசி எண் இருந்தால் அறிவிப்பு போய்ச் சேர்ந்ததாகத் தளம் காட்டும், உரிமையாளருக்குச் சேர்ந்திராது. ஆதலால் இதில் உரிமையாளர்களின் பொறுப்பும் இல்லாமலில்லை.

வண்டியே ஒரு கணினியாகிவிட்டதும் கவனத்திற்குரியது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் லாரிகள் பாரத் நிலை ஆறு என்னும் மாசுத்தரத்தைச் சேர்ந்தவை. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்க, 32.5 விழுக்காடு யூரியா கலந்த நீர்மம் ஒன்று புகைக்குழாயில் பீய்ச்சப்படுகிறது. ஓட்டுநர்கள் இதை யூரியா என்றே சொல்வர். கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் உண்டு. பிடித்த தூளை அது அவ்வப்போது உயர்வெப்பத்தில் எரித்துத் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். யூரியாவின் தரம் குறைந்தாலோ உணரி ஒன்று பழுதானாலோ, வண்டியின் கணினி எஞ்சினின் வலுவைத் தானே குறைத்துவிடும். ஏற்றத்தில் லோடு லாரி மூச்சுவாங்கி ஊர்ந்து போகும். எஞ்சினிலோ பழுது ஏதும் இருக்காது. காற்று மாசைக் குறைக்க இக்கட்டுப்பாடு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சினைப் பிரித்துக் கோத்து, காதால் கேட்டே நோய் சொல்லும் நாமக்கல் மெக்கானிக், எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது என்று படிக்க நிறுவனத்தின் மென்பொருள் உள்ள மடிக்கணினி வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார். பெயின்பிரிட்ஜ் சொன்னது தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறையைப் பற்றி. அது நாமக்கல்லின் திருச்சி சாலைப் பட்டறையில் இவ்விதமாக நடந்திருக்கிறது. பழுதுநீக்கும் உரிமை குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத்துறை 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் தனித் தளமும் திறந்தது. வாகனமும் அதன் எல்லைக்குள் வருகிறது என்றாலும், நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தருவதையே அத்தளம் நம்பியிருக்கிறது. சட்டமாகாத உரிமை பட்டறை வாசல்வரை வராது.

விரலும் கருவியும்

தமிழ்நாட்டில் 2017இல் ரேஷன் அட்டைகள் மின்னணு அட்டைகளாயின. 2020 அக்டோபர் முதல் கைரேகைச் சரிபார்ப்பு வந்தது. ஆதார் எண்ணோடு பதிந்த ரேகையும் கடையில் வைக்கும் ரேகையும் பொருந்தினால்தான் பொருள் என்பது இதன் அடிப்படை. எந்த ஊரிலிருந்தும் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி இதனாலேயே கிடைத்தது. வடமாநிலங்களிலிருந்து தறிக்கூடங்களுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கு அது சிறிய உதவியன்று.

ஆனால் இவ்வட்டாரத்துக் கைகள் எந்திரம் எதிர்பார்க்கும் கைகளாக இருப்பதில்லை. குச்சிக்கிழங்கைத் தோலுரிக்கும் பெண்ணின் விரல் கத்தியாலும் கிழங்குப்பாலாலும் தேய்ந்திருக்கும்; கொலுசுக்குப் பொடி வைத்து ஊதி, அமிலத்தில் கழுவுபவரின் விரல்நுனி வழவழத்திருக்கும்; தறியில் அறுந்த இழையை நாளெல்லாம் முடிபோடுபவர், கல்லுடைப்பவர், சிமெண்டுச் சாந்து அள்ளுபவர் ஆகியோரின் ரேகைகளும் அப்படியே. கடை ஊழியர் கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைக்கிறார். விரலைச் சேலைத்தலைப்பில் துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார். கட்டைவிரல் ஒத்துக்கொள்ளாமல் ஆள்காட்டி, அதுவும் இல்லாமல் நடுவிரல், பிறகு இடக்கை என்று சோதனை நடக்கிறது. நெட் விட்டுவிட்டு வரும் நாளில் தவறு விரலுடையதா தொடர்புடையதா என்று ஊழியருக்கே தெரிவதில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் பார்த்திருக்க, தன் விரலே தன்னை ஏற்கவில்லை என்று ஒரு முதியவள் திரும்பிப் போவதில் உள்ள அவமானத்தை, பரிவர்த்தனை தோல்வி என்ற பதிவு சொல்லாது. கருவிழிப் பதிவுக் கருவிகள் வந்த பிறகு இத்தொல்லை தணிந்திருக்கிறது. அதே வேளையில் எடைத்தராசையும் விற்பனைக் கருவியையும் கம்பியில்லாமல் இணைக்கும் ஏற்பாடு வந்து, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்துப் பதிய வேண்டியதால் வரிசை நீள்கிறது என்று கடை ஊழியர்கள் குறை சொல்கின்றனர். எடை குறையும் என்ற பழைய புகாருக்கு அதுவே மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

சரிபார்ப்புத் தோற்றாலும் பொருளை மறுக்கக்கூடாது என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்றே சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. விதிவிலக்குக் கையாளும் முறையையும் அதில் வகுத்துள்ளது. சாவடியில் இருக்கும் சுழிய ரூபாய் ரசீதைப் போலவே, இதுவும் கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கிறது.

நூறு நாள் வேலையில் நேர்ந்ததும் ஆராயத்தக்கது. வேலைத்தளத்தில் நாளுக்கு இருமுறை தொழிலாளரை இடக்குறியோடு படமெடுத்துச் செயலியில் ஏற்றும் முறை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. கொல்லிமலை அடிவாரத்தைப் போன்று சிக்னல் கிட்டாத இடங்களில் படம் ஏறவில்லை என்றால் வருகை இல்லை. வருகை இல்லை என்றால் கூலி இல்லை. படமெடுத்தவர் பணித்தளப் பொறுப்பாளர், செயலியைக் கட்டியது தில்லி. கூலி போனதோ மண்வெட்டி பிடித்தவருக்கு. இத்தனைக்கும் பிறகு, படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றும் மோசடி நாடெங்கும் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் குறிப்பிட நேர்ந்தது. ஏமாற்றுபவரைத் தடுக்காமல் உழைத்தவரைத் தடுத்த கட்டுப்பாட்டிற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அலுவலக மேசை

அலுவலகத் தொல்லைகளில் தமிழுக்கே உரிய ஒன்று எழுத்துருச் சிக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகை தரமாக்கப்பட்டது. 2010 ஜூனில் ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஒருங்குறி என்பது உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கும் முறை. எந்தக் கணினியில் திறந்தாலும் ககரம் ககரமாகவே தெரியும். அதற்கு முன் வானவில், பாமினி முதலிய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தன. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் அலுவலகங்களில் சுற்றுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புள்ளியும் கோடுமாய்ச் சிதறிய ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன. அதைத் தாளில் அச்செடுத்து, வருடி, படமாக அனுப்புவது அலுவலகங்கள் கண்டுபிடித்த மாற்றுவழி. அப்படி அனுப்பிய ஆணையில் ஒரு பெயரைக்கூடத் தேடி எடுக்க முடியாது. தரம் உருவாக்குவதற்கும் தரம் பழக்கமாவதற்கும் இடையே உள்ள தூரத்தை யாரும் பொறுப்பேற்று நடக்கவில்லை என்பதே இதன் பொருள்.

கல்வி மேலாண்மைத் தகவல் தளமான எமிஸில் பள்ளி ஆசிரியர்கள் ஏற்றும் பதிவுகளும், அங்கன்வாடிப் பணியாளர்கள் 2021 முதல் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் என்னும் ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியும் வேறு வகைச் சுமை. பதிவேட்டில் எழுதியதையே செயலியிலும் ஏற்றுவது, ஏற்றியதைப் படமெடுத்துப் புலனக் குழுவில் போடுவது என ஒரே வேலை மும்முறை நடக்கிறது. இல்லிச் சொன்ன நிழல் உழைப்பு நுகர்வோரைப் பற்றியது. இங்கே சம்பளக்காரரும் அதைச் செய்கிறார். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்கும் தாய்மாரின் முகத்தையும் செயலி சரிபார்க்க வேண்டும் என்றானதால், வாக்குவாதம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் தாய்க்கும் இடையே நடக்கிறது. இருவருமே அந்த விதியை வகுத்தவர்கள் அல்லர்.

பெரிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்ட புதிய வருமானவரித் தளம் மாதக்கணக்கில் திணறியதால், அதை உருவாக்கிய இன்போசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சகம் ஆகஸ்ட் 23 அன்று நேரில் அழைத்தது. கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவும் டிசம்பர் 31 வரை நீண்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்று: பாதிக்கப்படுபவர் குரலுள்ளவராக இருக்கும்போது அமைப்பு வளைந்து கொடுக்கிறது. கெடு நீள்கிறது, கையெழுத்துச் சீட்டு செல்லுபடியாகிறது. ரேஷன் கடையில் கையால் எழுதிப் பொருள் தருவது மட்டும் ஏன் இவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

கையிலிருக்கும் பேசி

தனிமனிதரின் கைப்பேசித் தொல்லைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. வேண்டாத அழைப்புகள், நிரம்பிய நினைவகம், தானே மாறும் அமைப்புகள் எல்லோரும் அறிந்தவை. பணம் சார்ந்த ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. இன்று சேலம் லீ பஜார் மொத்தக்கடை முதல் உழவர் சந்தைக் கீரைக்காரி வரை பரவிவிட்டது. வாங்குபவர் கணக்கில் பணம் கழிந்து, பணம் வந்ததை அறிவிக்கும் விற்பவரின் ஒலிப்பெட்டி வாய்திறக்காதபோது அங்கே எழும் சங்கடத்தில் இருவரும் உண்மையே பேசுகிறார்கள். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யு.பி.ஐ. தடைப்பட்டபோது இச்சங்கடம் ஒரே நேரத்தில் எல்லாக் கடைகளிலும் நடந்தது. சிக்கிய பணத்தைத் தனிமனிதருக்கு அனுப்பியதாயின் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாளுக்குள்ளும் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. கேட்காமலே வங்கி தானாகத் தர வேண்டிய இழப்பீடு இது. நாம் மேலே கண்ட விதிகளிலேயே இதுதான் சிறந்தது. ஏனெனில் மெய்ப்பிக்கும் பாரத்தை அது வாடிக்கையாளர் தலையில் வைக்கவில்லை, தாமதத்தின் விலையைத் தவறியவரே கொடுக்கச் செய்கிறது.

பழைய காலம் மேலானது என்று முடிவுகட்ட இதில் ஒன்றுமில்லை. டிரங்க் கால் பதிந்துவிட்டு லாரி புக்கிங் ஆபீசில் அரைநாள் காத்திருந்த தலைமுறை இவ்வூர்களில் இன்னும் இருக்கிறது. வண்டி போய்ச் சேர்ந்ததா என்று அறிய வாரம் ஆன காலம் அது. எனினும் அக்காலத்துத் தாமதத்திற்கு எதிரே ஓர் ஆள் இருந்தார். எக்சேஞ்சுக்காரரிடம் சண்டை பிடிக்கலாம், சோதனைச்சாவடி அதிகாரியிடம் கெஞ்சலாம், கடைக்காரர் முகம் பார்த்துக் கடன் கொடுப்பார். அந்த அதிகாரம் நேர்மையற்றும் நடந்தது என்பதால்தான் கணினி வரவேற்கப்பட்டது. கணினி வந்தபோது, லஞ்சம் வாங்கும் அதிகாரத்தோடு சேர்த்து, சூழ்நிலை பார்த்து முடிவெடுக்கும் அதிகாரமும் கவுன்ட்டரில் இருப்பவரிடமிருந்து பறிக்கப்பட்டது. சாவடி ஊழியரும் ரேஷன் கடை ஊழியரும் பணித்தளப் பொறுப்பாளரும் இப்போது முடிவு சொல்பவர்கள் அல்லர். திரை சொன்னதைத் திருப்பிச் சொல்பவர்கள். எதிரே நிற்பவரின் கோபத்தை வாங்கிக்கொள்ளும் வேலை மட்டும் அவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது.

எனவே பயிற்சி முகாம்கள் நடத்தினால் எல்லாம் சரியாகும் என்ற வாதமும், இன்னும் வேகமான இணையம் வந்தால் தீரும் என்ற வாதமும் பாதி உண்மையே. வேகம் கூடினால் பழுது குறையும், முற்றிலும் ஒழியாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கோபுரத்தின் பேட்டரி தீரும்வரைதான் எந்த வேகமும். எஞ்சும் பழுதுக்கு என்ன வழி என்பதை விதிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன என்பதே இவ்வாய்வில் தெளிவாகும் செய்தி. ஆகவே செய்ய வேண்டியது மூன்று வரிக்குள் அடங்கும் வேலை: சுழிய ரூபாய் ரசீது பற்றிய அறிவிக்கையைச் சாவடிகளிலும், ரேகை பொருந்தாவிட்டால் பின்பற்ற வேண்டிய முறையை ரேஷன் கடைகளிலும், எழுத்துப்பிழைக்கு ஆயிரம் ரூபாய் என்னும் சுற்றறிக்கையை லாரி புக்கிங் ஆபீசுகளிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவதும், அதை நிறைவேற்றும் அதிகாரத்தை அங்கே பணியில் இருப்பவருக்கே எழுத்தில் கொடுப்பதும். வெளிமாநிலம் செல்லும் வண்டிகளுக்கு இந்தச் சுற்றறிக்கையின் இந்தி, ஆங்கிலப் படிகளைச் சங்கங்களே அச்சிட்டுக் கேபினில் வைத்துவிடலாம். இவற்றுக்குப் புதிய சட்டமோ புதிய செயலியோ தேவையில்லை. இரு மாவட்ட நிர்வாகங்களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் இந்த மாதமே தொடங்கலாம்.